நிகழ்தகவும் புள்ளியியலும்: பத்துத் தீப்பெட்டி, ஒரு ஜோடி தாயக்கட்டை வைத்து ஒரு முழுமையான பயிற்சி வழிகாட்டி

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது அத்தியாயம்தான் கடைசி: புள்ளியியலும் நிகழ்தகவும். கடைசியில் இருப்பதாலேயே பல இடங்களில் அது திருப்புதல் தேர்வு நெருங்கும்போது அவசரமாக ஓடும். சூத்திரத்தைப் பலகையில் எழுதிப் போட்டு, பயிற்சி 8.1 முதல் 8.4 வரை நாலு நாலு கணக்காகத் தொட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் நிகழ்தகவுக் கோட்பாடு, பன்னிரண்டில் நிகழ்தகவுப் பரவல்கள் என்று அதே விஷயம் வளர்ந்து வந்து நிற்கும்.

காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று எந்த டியூஷனில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பாடத்தில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "சார், இதுல கூட்டணுமா, பெருக்கணுமா?" இந்தக் கேள்வி எழுகிறதென்றால், கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விட்டோம் என்று பொருள். நூறு கணக்கை ஒவ்வொரு தடவை போட்டாலும் இது தீராது. ஒரே தரவை எடுத்து, அதனிடம் கேட்கக்கூடிய கேள்வி அத்தனையும் கேட்டு முடித்தால் தீரும். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்குகள் குறைவு. ஒவ்வொன்றையும் பிழிந்து எடுக்கப்போகிறோம்.

தேவையானவை: பத்துத் தீப்பெட்டி, ஒரு ஜோடி தாயக்கட்டை, ஒரு கட்டம் போட்ட நோட்டு. கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். விடையைச் சரிபார்க்க மட்டும் எடுக்கலாம்.

1. முதலில் குச்சியை எண்ணுங்கள்

குடியாத்தம் பக்கம் தீப்பெட்டித் தொழில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது. பெட்டிக் கடையில் ஒரே மார்க்கில் பத்துப் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை குச்சி என்று எண்ணி எழுதுங்கள். இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

38, 41, 40, 39, 42, 40, 37, 40, 43, 40

கூடுதல் 400. சராசரி 40. இதோடு நிறுத்திவிட்டால் தரவில் பாதிதான் தெரியும். ஒரு பெட்டியில் 37, இன்னொன்றில் 43 இருக்கிறதே, அந்தச் சிதறலை எப்படிச் சொல்வது? மிக எளிய அளவு வீச்சு: 43 − 37 = 6. வீச்சுக் கெழு 6 ÷ (43 + 37) = 0.075. ஆனால் வீச்சு இரண்டு பெட்டிகளை மட்டும் பார்க்கிறது. நடுவில் இருக்கும் எட்டுப் பெட்டியும் அதற்குக் கண்ணில் படாது.

சரி, எல்லாப் பெட்டியையும் கணக்கில் எடுப்போம். ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது?

−2, 1, 0, −1, 2, 0, −3, 0, 3, 0

இவற்றைக் கூட்டிப் பாருங்கள், பூஜ்ஜியம் வரும். எந்தத் தரவை எடுத்தாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் சராசரி என்பதே மேலும் கீழும் சமமாகும் இடம். விலக்கங்களை அப்படியே சராசரி எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: 4, 1, 0, 1, 4, 0, 9, 0, 9, 0. கூடுதல் 28. பத்தால் வகுத்தால் 2.8, இது விலக்க வர்க்கச் சராசரி. இதன் அலகு "குச்சி வர்க்கம்" என்று அபத்தமாக நிற்கும். வர்க்கமூலம் எடுத்தால் மீண்டும் குச்சிக்கு வந்துவிடுவோம்: 1.67. இதுதான் திட்ட விலக்கம். 1890களில் கார்ல் பியர்சன் வைத்த பெயரைத்தான் தமிழில் இப்படிச் சொல்கிறோம்.

இந்த ஒரு கணக்கைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, காரணத்தையும் சொல்லிக்கொண்டே போட முடிந்தால் பயிற்சி 8.1இன் முக்கால்வாசி முடிந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதே பத்து எண்ணைச் செல்போன் செயலியிலோ கணினியிலோ போட்டால் சில சமயம் 1.76 என்று காட்டும். தப்பு அல்ல. அது பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுத்திருக்கிறது. கையிலிருக்கும் பத்துப் பெட்டியை வைத்துக் கடையிலிருக்கும் எல்லாப் பெட்டிகளையும் பற்றி மதிப்பிடும்போது ஒன்று குறைத்து வகுப்பது வழக்கம். பள்ளிப் புத்தகம் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறது. தேர்வில் புத்தகம் சொன்னபடியே போடுங்கள்.

2. விடை வருவதற்கு முன்பே விடையை ஊகியுங்கள்

பேனாவை எடுக்கும் முன் "திட்ட விலக்கம் சுமாராக எவ்வளவு வரும்?" என்று ஓரத்தில் ஒரு எண் எழுதுங்கள். இதற்கு ஒரு உறுதியான வரம்பு இருக்கிறது: திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சில் பாதியைத் தாண்டாது. தீப்பெட்டியில் வீச்சு 6, ஆக 3க்கு மேல் வரவே கூடாது. பத்து எண்கள் போன்ற சிறு தரவில் பெரும்பாலும் வீச்சில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். எண்ணிக்கை கூடக் கூட நான்கில், ஐந்தில் ஒரு பங்கு என்று இறங்கும். 1.67க்குப் பதில் 5.29 என்று வந்தால் எங்கேயோ பத்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள். 28இன் வர்க்கமூலம்தான் அது. விடைத்தாளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

நிகழ்தகவுக்கும் இதே பழக்கம் வேண்டும். பாதிக்கு மேலா, கீழா? கால்வாசியா? முதலில் எழுதுங்கள். 1ஐத் தாண்டிய விடையை எழுதிவிட்டுத் திருப்தியோடு அடுத்த கணக்குக்குப் போகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

3. பெட்டிகளை மாற்றிப் பாருங்கள்

அதே தரவில் இப்போது விளையாட்டு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குச்சி கூடப் போட்டால்? சராசரி 41 ஆகும். திட்ட விலக்கம் மாறாது, ஏனென்றால் எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. எல்லாப் பெட்டியிலும் குச்சி இரட்டிப்பானால்? சராசரி 80, திட்ட விலக்கமும் இரட்டிப்பு. ஒரு மதிப்பெண் வினாக்களில் இந்த இரண்டும் வேறு வேறு எண்களோடு வந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, வேறு மார்க் தீப்பெட்டி ஒன்று. சராசரி 50 குச்சி, திட்ட விலக்கம் 2. எந்த மார்க் சீரானது? 1.67தானே சின்னது, முதல் மார்க் என்று கை போகும். கொஞ்சம் பொறுங்கள். 50 குச்சியில் 2 விலகுவதும் 40 குச்சியில் 1.67 விலகுவதும் ஒன்றா? இதற்குத்தான் மாறுபாட்டுக் கெழு. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். முதல் மார்க் 4.18 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம். நூலிழை வித்தியாசத்தில் இரண்டாவதுதான் சீரானது.

4. வேலூர் வெயிலில் ஒரு சிக்கல்

மாறுபாட்டுக் கெழுவைக் கண்ட இடத்தில் எல்லாம் போடக் கூடாது. பாடப்புத்தகத்தில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மே மாதம் வந்தால் செய்தித்தாளில் 'வேலூரில் வெயில் சதமடித்தது' என்று போடுவார்கள். அந்தச் சதம் பாரன்ஹீட் கணக்கு. செல்போனில் பார்த்தால் செல்சியஸ். ஒரு வாரத்துக்கான உச்ச வெப்பம் செல்சியஸில் இப்படி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்: 37, 39, 40, 41, 41, 42, 40. சராசரி 40. விலக்க வர்க்கங்களின் கூடுதல் 16. ஏழால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.51.

இதையே பாரன்ஹீட்டுக்கு மாற்றுவோம். 1.8ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். சராசரி 104. திட்ட விலக்கத்துக்கு 32 கூட்டினால் தப்பு. கூட்டல் அதைத் தொடாது என்று இப்போதுதான் பார்த்தோம். 1.8ஆல் பெருக்கினால் போதும்: 2.72. இதுவரை சரி.

இப்போது மாறுபாட்டுக் கெழு. செல்சியஸில் 1.51 ÷ 40, அதாவது 3.78 சதவீதம். பாரன்ஹீட்டில் 2.72 ÷ 104, அதாவது 2.62 சதவீதம். அதே ஊர், அதே வாரம், அதே வெயில். அளவுகோலை மாற்றியதும் வேலூர் திடீரென்று சீரான ஊராகிவிடுமா? இரண்டு அளவுகோல்களிலும் பூஜ்ஜியம் என்பது "வெப்பமே இல்லை" என்ற இடம் இல்லை, மனிதர்கள் வசதிக்காக வைத்த கோடு. குச்சி, எடை, உயரம், கூலி போன்றவற்றில் பூஜ்ஜியம் உண்மையாகவே ஒன்றுமில்லை. அங்கே மட்டும்தான் மாறுபாட்டுக் கெழுவுக்கு அர்த்தம் இருக்கிறது. தேர்வில் வெப்பநிலையைக் கொடுத்து மாறுபாட்டுக் கெழு கேட்டால் வாதம் செய்யாமல் போட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தரவை வெளியிலிருந்து எடுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39,36,331 பேர் என்று இருக்கும். அந்த வேலூரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடக்கம். 2019இல்தான் அவை தனி மாவட்டங்கள் ஆயின. இன்னும் பின்னால் போனால் 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் சேர்ந்த வட ஆற்காடு. பெயரை மட்டும் பார்த்துவிட்டு இந்த எண்களை ஒரே வரிசையில் அடுக்கினால், போடுகிற கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை குப்பைதான்.

5. தொகுத்த தரவு: ஒரு அட்டவணை

ஐந்து மதிப்பெண் வினாக்களில் இதுதான் பயமுறுத்தும். உண்மையில் கைவேலைதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ச் சரக்கு. அதில் 40 காயை எடை போட்டதாகக் கற்பனை செய்துகொண்டு ஒரு அட்டவணை:

| எடை (கிராம்) | காய்கள் | மையப்புள்ளி | படி விலக்கம் | காய்கள் × விலக்கம் | காய்கள் × விலக்க வர்க்கம் |
|---|---|---|---|---|---|
| 20–30 | 3 | 25 | −2 | −6 | 12 |
| 30–40 | 9 | 35 | −1 | −9 | 9 |
| 40–50 | 14 | 45 | 0 | 0 | 0 |
| 50–60 | 10 | 55 | 1 | 10 | 10 |
| 60–70 | 4 | 65 | 2 | 8 | 16 |
| மொத்தம் | 40 | | | 3 | 47 |

நடுவில் இருக்கும் 45ஐ ஊகச் சராசரியாக எடுத்தோம். பிரிவின் அகலம் 10. மையப்புள்ளி 45இலிருந்து எத்தனை பிரிவு தள்ளியிருக்கிறது என்பதுதான் படி விலக்கம். சராசரி = 45 + 10 × (3 ÷ 40) = 45.75. திட்ட விலக்கம் = 10 × √(47/40 − (3/40)²) = 10 × √1.169375, சுமார் 10.81 கிராம். வீச்சு 50, அதில் நான்கு, ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே விடை வந்திருக்கிறது.

கடைசிப் பத்தி எப்படி வந்தது என்று கவனியுங்கள். ஐந்தாம் பத்தியை மறுபடி நான்காம் பத்தியால் பெருக்கினால் போதும். ஐந்தாம் பத்தியையே வர்க்கப்படுத்தி 36, 81 என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். ஊகச் சராசரியை 35 என்று மாற்றி இதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள். விடை மாறக் கூடாது. மாறாமல் வரும்போதுதான் "ஊகம்" என்றால் என்ன என்று பிடிபடும்.

6. இப்போது தாயக்கட்டையை உருட்டுங்கள்

புத்தகத்தில் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்றே வரும். சீட்டுக்கட்டையே தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் நம் பக்கம் நிறைய, வீட்டில் விடமாட்டார்கள். அவர்கள் 52 சீட்டையும் நான்கு வரிசையாக ஒரே ஒரு முறை கையால் எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஸ்பேடும் கிளாவரும் கறுப்பு, ஹார்ட்டும் டைமண்டும் சிவப்பு, ஒவ்வொன்றிலும் 13, முக அட்டைகள் மொத்தம் 12, ஏஸ் அதில் சேராது.

தாயம் எல்லா வீட்டிலும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் பித்தளைக் கட்டையில் நான்கு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டு கட்டை, ஆக 4 × 4 = 16 விளைவுகள். இந்தப் பதினாறையும் முதல் கட்டை, இரண்டாம் கட்டை என்று பிரித்து எழுதுவதுதான் கூறுவெளி. சோம்பல் படாமல் எழுதுங்கள். பிறகு ஆட்டக் கணக்குப்படி எண்ணுங்கள். இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு என்று கொள்வோம்.

தாயம் (ஒன்று): 2 வழி
இரண்டு: 3 வழி
மூன்று: 4 வழி
நான்கு: 3 வழி
ஐந்து: 2 வழி
ஆறு: 1 வழி
பன்னிரண்டு: 1 வழி

கூட்டினால் 16. கூடாவிட்டால் எதையோ விட்டுவிட்டீர்கள்.

தாயம் ஏன் இரண்டு வழி? முதல் கட்டையில் ஒன்று, இரண்டாவதில் வெறுமை, அல்லது மாற்றி. கட்டைகள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது பெரிய ஆபத்து. ஒரு கட்டையில் நூல் கட்டி வைத்துக்கொண்டு உருட்டினால் சந்தேகமே வராது. ஏழு விதமான எண் விழலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஏழில் ஒரு பங்கு என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. சமவாய்ப்பு உள்ளவை அந்தப் பதினாறுதான், இந்த ஏழு இல்லை. தாயம் விழ நிகழ்தகவு 2/16 = 1/8.

7. கூட்டணுமா, பெருக்கணுமா

ஒரே உருட்டலில் "இது அல்லது அது" என்றால் கூட்டல் பக்கம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இரண்டும் ஒன்றாக நடக்க முடியுமா?

தாயம் அல்லது ஐந்து விழ: இரண்டும் ஒரே உருட்டலில் சேர்ந்து வராது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். 2/16 + 2/16 = 1/4. முடிந்தது.

குறைந்தது ஒரு கட்டையாவது வெறுமை, அல்லது மொத்தம் மூன்று: இங்கே உஷார். வெறுமை வரும் வழிகள் 7. மூன்று வரும் வழிகள் 4. ஆனால் (வெறுமை, மூன்று), (மூன்று, வெறுமை) என்ற இரண்டும் இரு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டன. ஆக 7 + 4 − 2 = 9, விடை 9/16. நிகழ்தகவின் கூட்டல் தேற்றம் என்று புத்தகம் சொல்வது இரட்டையாக எண்ணியதைக் கழிக்கும் இந்த வேலையைத்தான். மூன்று நிகழ்ச்சி வந்தாலும் இதே நியாயம்தான், வென்படம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்து நடக்கும் இரண்டு விஷயம், "இதுவும் அதுவும்" என்றால் பெருக்கல் பக்கம். முதல் உருட்டலில் தாயம், அடுத்த உருட்டலிலும் தாயம்: 1/8 × 1/8 = 1/64. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது, முதல் உருட்டல் இரண்டாவதைத் தொடாது. இவை சார்பிலா நிகழ்ச்சிகள்.

ஒன்றையொன்று விலக்குவதும் சார்பில்லாததும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஏராளம். நேர் எதிர்! ஒரே உருட்டலில் தாயம் விழுந்துவிட்டது என்றால் ஐந்துக்கு வாய்ப்பே போய்விட்டது. ஒன்றின் வரவு மற்றதை அடியோடு அழிக்கிறது, இதைவிடப் பெரிய சார்பு ஏது? நிஜ வாழ்க்கையில் சார்பின்மையைச் சும்மா எடுத்துக்கொள்ளவும் கூடாது. மழை பெய்வதும் காட்பாடி–பாகாயம் பஸ் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டு தாமதமாவதும் தனித்தனி நிகழ்தகவைப் பெருக்கிப் போடுகிற சமாசாரம் இல்லை என்று தினமும் அதில் போகிறவர்களுக்குத் தெரியும்.

8. "குறைந்தது ஒன்று" வந்தால் மறுபக்கம் போங்கள்

தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு, அதனால் எட்டு தடவை போட்டால் ஒன்றாவது விழுந்தே தீரும் என்று சொல்லிக்கொண்டு உருட்டுவார்கள். உண்மையா?

குறைந்தது ஒரு தாயம் என்பதில் ஒன்று, இரண்டு, மூன்று என எட்டு வரை எல்லாம் அடங்கும். நேராகப் போனால் நாக்குத் தள்ளும். நிரப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள்: ஒன்றுகூட விழாமல் போக, ஒவ்வொரு தடவையும் 7/8. எட்டு முறை பெருக்கினால் சுமார் 0.34. ஆக எட்டு உருட்டலில் தாயமே விழாமல் தவிக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது. அடுத்த முறை யாராவது கட்டையைக் குறை சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டுமானால் எத்தனை உருட்டல்? ஐந்து முறை பெருக்கினால் 0.513 மிஞ்சும், ஆறு முறை பெருக்கினால் 0.449. ஆக ஆறு. 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்குகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதான் இந்தப் பாடம் வளர்ந்தது. அதில் பேசப்பட்ட கேள்வி ஒன்று கிட்டத்தட்ட இதே ரகம். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு ஆறு விழ 0.518, இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் குறைந்தது ஒரு இரட்டை ஆறு விழ 0.491. இரண்டையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். முதலாவது பாதிக்கு மேல், இரண்டாவது பாதிக்குக் கீழ்.

9. திருப்பி வைத்தாரா, வைக்கவில்லையா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பெட்டியில் 20 ஜோடி, அதில் 4 குறையுள்ளவை. சோதனை செய்பவர் இரண்டு ஜோடி எடுக்கிறார். இரண்டும் நல்லதாக இருக்க? எடுத்ததைத் திருப்பி வைக்காவிட்டால் 16/20 × 15/19 = 12/19, சுமார் 0.632. திருப்பி வைத்துவிட்டு எடுத்தால் 16/20 × 16/20 = 0.64. வினாவில் இந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிடாமல் கணக்கைத் தொடாதீர்கள். பெட்டி பெரிதாக ஆக இந்த வித்தியாசம் மறைந்துவிடும் என்பதையும் 20க்குப் பதில் 2000 ஜோடி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

10. பதினொன்றாம் வகுப்பு: ஆட்களாக எண்ணுங்கள்

பேயீஸ் தேற்றத்தின் சூத்திரம் நீளமாக இருப்பதால் மிரட்டும். சதவீதத்தைத் தலைகளாக மாற்றினால் அடங்கிவிடும். வேலூர் ஆஸ்பத்திரி ஊர், அதனால் அப்படியே ஒரு கணக்கு: ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவரைப் பரிசோதனை 95 சதவீதம் பிடித்துவிடும். நோய் இல்லாதவருக்கும் 5 சதவீதம் "இருக்கிறது" என்று காட்டிவிடும். ஒருவருக்கு "இருக்கிறது" என்று வந்துவிட்டது. உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

முதலில் ஊகத்தை எழுதுங்கள். பெரும்பாலோர் 95 என்பார்கள்.

2000 பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோய் உள்ளவர்கள் 20. அதில் 19 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். நோய் இல்லாதவர்கள் 1980. அதில் 5 சதவீதம், 99 பேருக்குத் தப்பாக வரும். மொத்தம் 118 பேர் கையில் அந்தச் சீட்டு. உண்மையான நோயாளிகள் 19. விடை 19/118, சுமார் 16 சதவீதம். இதையே கிளை கிளையாகப் பிரித்து மரவரைபடமாக வரைந்த பிறகு சூத்திரத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு உறுப்பும் மரத்தின் எந்தக் கிளை என்று தெரியும். மறுபரிசோதனை ஏன் கேட்கிறார்கள் என்பதும் இதில் விளங்கும்.

நிபந்தனை நிகழ்தகவில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நிபந்தனை வந்ததும் கூறுவெளி சுருங்கிவிடுகிறது. 2000 பேர் 118 ஆனார்கள். மீதி எல்லாம் எண்ணும் வேலை.

11. பன்னிரண்டாம் வகுப்பு: அதே கட்டை, புதுக் கேள்வி

தாயத்தில் விழும் எண்ணைச் சமவாய்ப்பு மாறியாக எடுங்கள். எதிர்பார்ப்பு: ஒவ்வொரு எண்ணையும் அதன் வழிகளால் பெருக்கிக் கூட்டினால் 2 + 6 + 12 + 12 + 10 + 6 + 12 = 60; 16ஆல் வகுத்தால் 3.75. ஒரு உருட்டலுக்குச் சராசரியாக இத்தனை கட்டம் நகர்வீர்கள். வர்க்கங்களின் எதிர்பார்ப்பு 328/16 = 20.5. அதிலிருந்து 3.75இன் வர்க்கம் 14.0625ஐக் கழித்தால் 6.4375, வர்க்கமூலம் சுமார் 2.54. கத்தரிக்காய் அட்டவணையில் செய்ததேதான், காய்களுக்குப் பதில் நிகழ்தகவு.

ஈருறுப்புப் பரவலுக்கும், அதாவது ஒரே சோதனையைப் பல தடவை செய்து எத்தனை தடவை பலித்தது என்று எண்ணுவதற்கும், கட்டை போதும். 80 தடவை உருட்டினால் தாயம் 10 எதிர்பார்க்கலாம். திட்ட விலக்கம் √(80 × 1/8 × 7/8) = √8.75, சுமார் 3. ஆக 7 முதல் 13 வரை விழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் தம்பி தங்கையை வைத்து உருட்டிக் குறித்துப் பாருங்கள். 20க்கு மேல் தாயம் விழுந்தால் கட்டையின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, உருட்டுகிறவர் கை சூது செய்கிறதா என்று விசாரிக்கலாம்.

12. தேர்வுக்கு

பத்தாம் வகுப்புத் தாளில் எட்டு மதிப்பெண் வினாக்கள் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போய்விடும். இந்த அத்தியாயத்துக்கு ஒரு மதிப்பெண், இரண்டு, ஐந்து ஆகிய மூன்று பகுதிகளிலும் இடம் உண்டு. ஐந்து மதிப்பெண்ணில் கூறுவெளி, நிகழ்ச்சி, அதன் எண்ணிக்கை, சூத்திரம், விடை என்று வரி வரியாக எழுதுங்கள். கடைசிக் கூட்டலில் சறுக்கினாலும் படிகளுக்கு மதிப்பெண் நிற்கும். தப்பான கணக்குகளை நோட்டின் பின்பக்கத்தில் மூன்று தலைப்பில் பிரித்து எழுதுங்கள்: வினாவைத் தப்பாகப் படித்தது, எண்ணுவதில் விட்டது, கூட்டல் பெருக்கலில் சறுக்கியது. எந்தப் பத்தி நீளமாக வளர்கிறதோ அதற்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் போதும். வர்க்கமூலத்தை நீள்வகுத்தலில் எடுக்கக் கை பழகியிருக்க வேண்டும். 2.8க்கு வர்க்கமூலம் கேட்டால் 28க்கு எடுத்துவிட்டு புள்ளியை நகர்த்துகிற தவறு இன்னும் ஓயவில்லை.

நீங்களே போட ஐந்து

அ. தீப்பெட்டித் தரவில் பதினோராவதாக 51 குச்சி உள்ள பெட்டி ஒன்று சேர்கிறது. புதிய சராசரியும் திட்ட விலக்கமும்?

ஆ. முதல் 7 இயல் எண்களின் திட்ட விலக்கம்?

இ. இரண்டு தாயக்கட்டையிலும் ஒரே பக்கம் விழுந்தது என்று மட்டும் தெரியும். அது பன்னிரண்டாக இருக்க நிகழ்தகவு?

ஈ. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு. சிவப்பு அல்லது ராஜா கிடைக்க?

உ. "குறைந்தது ஒரு கட்டை வெறுமை", "மொத்தம் மூன்று" இவை இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகளா?

விடைகள்: அ. சராசரி 41, திட்ட விலக்கம் 3.54, ஒரே ஒரு பெட்டி சிதறலை இரு மடங்குக்கு மேல் தூக்கிவிட்டது. ஆ. 2. இ. 1/4. ஈ. 26 + 4 − 2 = 28, ஆக 7/13. உ. இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்க 2/16, அதாவது 8/64; தனித்தனியாகப் பெருக்கினால் 7/16 × 1/4 = 7/64.